பாளையங்கோட்டையில் மரப் பெயர்ப்பலகைப் பயிற்சி: பலகை நன்று, எழுத்துக்கு இன்னும் நேரம் தேவை

பாளையங்கோட்டையில் ஒரு மாடிக் கூடத்தில், மரப்பலகையைத் தேய்த்து, சாயமேற்றி, வண்ணம் பூசி, பெயர் எழுதி, பழமையான தோற்றத்தோடு வீட்டு வாசலில் மாட்டும்படி செய்யக் கற்றுத்தரும் ஒருநாள் பயிற்சி மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபெறுகிறது. காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. கட்டணம் 1,100 ரூபாய். பலகை, வண்ணம், தூரிகை, உப்புத்தாள், மதியச் சாப்பாடு அனைத்தும் அதற்குள் அடக்கம். ஆவணி மாதத்தில் என் மைனியும் நானும் அதில் கலந்துகொண்டோம். எங்கள் பலகைகள் வாசலில் ஏறி, ஐப்பசி, கார்த்திகை மழையையும் பார்த்துவிட்ட பிறகே இதை எழுதுகிறேன். வெளியில் மாட்டும் பொருளைப் பற்றி, அது வெயிலையும் மழையையும் தாங்கிய பிறகு பேசுவதே படிப்பவர்களுக்குப் பயன்படும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரத்தைப் பற்றியும் வண்ணத்தைப் பற்றியும் இவ்வளவு பொறுப்போடு சொல்லித்தரும் ஒரு பயிற்சியை நம் திருநெல்வேலிப் பக்கத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் பெயர்ப்பலகையின் உயிர் எழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்துக்கு, அதிலும் தமிழ் எழுத்துக்கு, இந்தப் பயிற்சி கொடுக்கும் நேரமும் கவனமும் போதவில்லை. வேலையின் வரிசை முறையே ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டிருக்கிறது. தமிழில் பெயர் எழுத நினைப்பவர்கள் (வந்தவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்து வந்திருந்தார்கள்) என்ன ஏற்பாட்டோடு போக வேண்டும் என்பதையும் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

முதலில் மரம். இங்கே கொடுக்கப்படும் பலகைகளில் பெரும்பகுதி, தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளுக்கு அடியில் வைத்து வரும் மரத் தட்டுகளைப் பிரித்து எடுத்தவை. கடைக்காரர்கள் இவற்றைப் பேலட் கட்டை என்கிறார்கள்; பெரும்பாலும் பைன் மரம். விலை குறைவு, எடை குறைவு, அறுப்பதற்கும் தேய்ப்பதற்கும் எளிது, ஆணித் துளைகளும் கீறல்களும் ஏற்கெனவே இருப்பதால் பழமைத் தோற்றத்துக்கும் பொருத்தம். ஆனால் இந்தக் கட்டைகளை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாடு விட்டு நாடு போகும் மரப் பெட்டிகளில் பூச்சி புழு பரவாமல் தடுக்க, 2002-இல் ஏற்கப்பட்ட சர்வதேச விதி ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பதப்படுத்திய கட்டையில் ஒரு கதிர்ச் சின்னமும், நாட்டுக் குறியீடும், பதப்படுத்திய முறையும் சூடு போட்டோ அச்சிட்டோ முத்திரையாக இடப்படும். முத்திரையில் எச்.டி. என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைந்தது 30 நிமிடம் ஏற்றப்பட்டது என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப் புகை போடப்பட்ட மரம். அதை வீட்டுப் பொருளாக்கக் கூடாது.

பயிற்சியை நடத்தும் இளம்பெண் இதைக் கட்டைகளைக் கையில் தூக்கிக் காட்டியே விளக்கினார். ஒவ்வொரு கட்டையிலும் முத்திரை உள்ள துண்டை மட்டும் தனியே அறுத்து ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறார். யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுகிறார். முத்திரை இல்லாத கட்டை மலிவாகக் கிடைக்குமே என்று நான் கேட்டதற்கு, "வேண்டாம் அண்ணாச்சி. முத்திரை இல்லாத பலகைய நான் இந்தக் கூடத்துக்குள்ளயே விடமாட்டேன். புள்ளைங்க தொட்டுப் பொழங்குத சாமான்லா" என்றார். கைவினை வகுப்பு நடத்துகிறவர்களில் எத்தனை பேர் பலகை எங்கிருந்து வந்தது என்பது வரை யோசிக்கிறார்கள்? இந்த ஒரு பொறுப்புக்காகவே அவருக்கு என் மரியாதை உண்டு.

பைன் மரம் வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பூவரசம் பலகையோ வேப்பம் பலகையோ தருகிறார். கூடுதலாக 300 ரூபாய். என் மைனி வேம்பைத் தேர்ந்தெடுத்தார். நான் பைனையே எடுத்துக்கொண்டேன். மழை முடிந்து பார்க்கும்போது வேப்பம் பலகை துளியும் வளையவில்லை. பைன் பலகை நடுவில் மிக லேசாகக் குழிந்திருக்கிறது, கண்ணுக்கு உறுத்தவில்லை. வெளி வாசலில், சாரல் அடிக்கும் இடத்தில் மாட்டுவதாக இருந்தால் அந்த 300 ரூபாயைக் கொடுத்துவிடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

தேய்ப்பு வேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 120-க்கு வந்து, 220-இல் முடிக்க வேண்டும். எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் வாக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல்கள் சாயம் ஏறும்போது கறுப்புக் கோடுகளாகத் தெரியும் என்று முதலிலேயே எச்சரிக்கிறார்கள். அதை ஒரு துண்டுப் பலகையில் தவறாகத் தேய்த்துச் சாயமும் பூசிக் காட்டியது நல்ல பாடம். பைன் மரத்தில் கணுக்கள் அதிகம். கணுவிலிருந்து கசியும் பிசின், மேலே எத்தனை முறை வெள்ளை பூசினாலும் மஞ்சள் கறையாக வெளிவந்துவிடும். அதைத் தடுக்க, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைக் கணுவின் மேல் மட்டும் இரண்டு முறை தடவச் சொல்கிறார்கள். அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு வைத்து விளையாடியவர்களுக்கு அரக்கு புதிதல்ல. கடைசலில் சுழலும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உரசும் சூட்டில் அது இளகி மரத்தில் ஒட்டிப் பளபளக்கும். அதே அரக்கு இங்கே கறையை உள்ளேயே அடைக்கும் பூச்சாகப் பயன்படுகிறது என்பதைக் கேட்டு, அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த ஒரு தாயும் மகளும் மிகவும் மகிழ்ந்தார்கள்.

இந்தப் பயிற்சியில் என்னை முழுமையாகக் கவர்ந்தது அடுத்துச் செய்த சாய வேலை. புதுப் பலகையைப் பல ஆண்டு மழை வெயிலில் கிடந்த சாம்பல் நிறப் பலகையாக மாற்ற, கடையில் விற்கும் மரச்சாயம் எதையும் இவர்கள் பயன்படுத்துவதில்லை. இரண்டு பாட்டில்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் கடுக்காய்த் தண்ணீர்: கடுக்காயைத் தட்டிக் கொட்டையை நீக்கி, தோலை மட்டும் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டியது. மற்றொன்றில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை வினிகரில் போட்டுச் சில நாள் ஊறவிட்டு எடுத்த தண்ணீர். முதலில் கடுக்காய்த் தண்ணீரைப் பலகை முழுவதும் தடவிக் காயவிட வேண்டும். அப்போது பலகை லேசான பழுப்பு நிறமாவதைத் தவிர வேறெந்த மாற்றமும் தெரியாது. காய்ந்த பின் இரும்புத் தண்ணீரைத் தூரிகையால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். தூரிகை பட்ட தடம் சில நொடி வெறும் ஈரமாக இருந்து, பிறகு ஓரத்திலிருந்து நீலம் கலந்த சாம்பலாக மாறி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருமை ஏறி, ஒரு நிமிடத்தில் பலகை பழைய வீட்டு உத்தரத்தின் நிறத்துக்கு வந்துவிடுகிறது.

இதன் காரணத்தையும் அவர் எளிமையாகச் சொன்னார். கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டேனின், இரும்போடு சேரும்போது கறுப்பாகிறது. துணியில் கலம்காரி எழுதுகிறவர்கள் கறுப்புக் கோட்டுக்குப் பன்னெடுங்காலமாகக் கையாளும் வழியும் இதுவே. பைன் மரத்தில் துவர்ப்பு மிகக் குறைவு. ஆகவே கடுக்காய்த் தண்ணீர் கட்டாயம். தேக்கு போன்ற மரங்களில் துவர்ப்பு ஏற்கெனவே இருப்பதால் இரும்புத் தண்ணீர் மட்டும் தடவினாலே நிறம் மாறிவிடும். அளவு மீறினால் கன்னங்கறுப்பாகப் போய்விடும் என்பதால் ஓரத்தில் தடவிப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். வீட்டில் முயல்கிறவர்களுக்கு ஒன்று: துருப்பிடிக்காத எஃகுச் சுருள் இதற்கு ஆகாது, துருப்பிடிக்கும் சாதாரண இரும்பு நாராக இருக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளைக் கொண்டு, விலை உயர்ந்த சாயத்தால் வராத ஓர் ஆழமான நிறத்தை வரவழைக்கும் இந்த முறையைத் தேடிக் கண்டு, சோதித்து, பாடமாக வைத்திருப்பதற்கு அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

சாயம் காய்ந்த பின் வண்ணம். பலகையின் விளிம்புகளிலும், நாள்பட்டால் இயல்பாகவே தேய்ந்திருக்கும் மூலைகளிலும் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு, அதன் மேல் வெளிர் வண்ணத்தைப் பூச வேண்டும். மெழுகு உள்ள இடத்தில் வண்ணம் பிடிக்காது. காய்ந்த பின் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் அங்கே மட்டும் பூச்சு உதிர்ந்து, அடியில் உள்ள கறுப்பு தெரியும். வண்ணங்கள் யாவும் நீரில் கரையும் அக்ரிலிக் வகை. அரை மணி நேரத்தில் தொடும்படி காய்ந்துவிடுவதால் ஒரே நாளில் வேலையை முடிக்க அது வசதி. கடைப் பலகை எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் எனாமல் வெயிலுக்கு நன்றாகத் தாங்கும் என்றாலும், அது காற்றோடு சேர்ந்து இறுகிக் காய்வதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். எனாமல் பூசிய பழைய பலகையைத் தேய்க்காமல் அதன் மேல் அக்ரிலிக் பூசினால் தோல் போல உரிந்து வரும் என்பதையும், அக்ரிலிக்கின் மேல் எனாமலில் எழுதுவதில் தடையில்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நிறத் தேர்வில் மட்டும் எனக்கு ஒரு குறை. மேசையில் இருந்த மாதிரிப் பலகைகளில் பாதிக்கு மேல் வெள்ளையின் மேல் சந்தன நிறம், சாம்பலின் மேல் வெளிர்நீலம் என்று மங்கலாகவே இருந்தன. கைக்கெட்டும் தொலைவில் அவை அழகு. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு எழுத்தே தெரியாது. திருநெல்வேலிச் சந்திப்பு ரயில் நிலையத்தில் மஞ்சளின் மேல் கறுப்பில் எழுதிய ஊர்ப் பெயர் எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறது என்று நினைத்துப் பார்த்தால், வீட்டு வாசலுக்கும் அந்த அளவு தெளிவு வேண்டும் என்பது புரியும்.

மதியம் எலுமிச்சைச் சோறும் தயிர்ச் சோறும் கொடுத்தார்கள், குறையில்லை.

இனி எழுத்துக்கு வருகிறேன். பகல் மூன்று மணிக்குத்தான் எழுத்து வேலை தொடங்கியது. மேசைமேல் எழுத்து வடிவில் துளை வெட்டிய பிளாஸ்டிக் அச்சுத் தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, எல்லாம் ஆங்கிலம். ஆங்கிலத்தில் பெயர் எழுதியவர்கள் அச்சை வைத்து, பஞ்சுத் துண்டால் வண்ணத்தை ஒற்றி, அரை மணியில் முடித்துவிட்டார்கள். தமிழில் எழுத விரும்பியவர்களிடம், பெயரைக் கணினியில் அடித்து அச்செடுத்து, கார்பன் தாள் வைத்துப் பலகையில் படியெடுத்து, கோட்டுக்குள் தூரிகையால் நிரப்பச் சொன்னார்கள். முறை தவறில்லை. ஆனால் தமிழ் எழுத்தைப் பலகையில் எப்படி அமைப்பது என்று ஒரு வார்த்தையும் சொல்லப்படவில்லை. 26 எழுத்துகளுக்கு அச்சு வெட்டி வைப்பதைப் போல 247 எழுத்துகளுக்கும் வெட்ட முடியாது என்பது உண்மை. அதோடு ண, ஞ, அ போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் இருக்கும் துண்டு, அச்சு வெட்டும்போது விழுந்துவிடாமல் இருக்க இடையிடையே பாலம் விட வேண்டும். சுழி அதிகமானால் பாலமும் அதிகமாகி எழுத்தின் உருவமே கெட்டுவிடும். எனவே தமிழுக்கு அச்சைவிடக் கையெழுத்தே பொருத்தம். கையால் எழுதுவதற்குத்தான் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிதான் இங்கே விடுபட்டிருக்கிறது.

நான் எழுதிய பெயர் 'புங்கமரத்து வீடு'. இந்த ஒரு பெயரிலேயே எத்தனை சிக்கல் பாருங்கள். 'பு' கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. 'ங்' என்பதற்கும் 'த்' என்பதற்கும் தலைக்கு மேல் புள்ளி. 'வீ'யின் மேல்விலங்கு எல்லா எழுத்துக்கும் மேலே எழுந்து சுழிகிறது. 'ர' ஒடுங்கியது, 'து' அகன்றது. எல்லா எழுத்துக்கும் சம அகலம் ஒதுக்கினால் 'ர' அனாதையாக நிற்கும், 'து' நெருக்கத்தில் திணறும். இதற்கு வேண்டியது நான்கு கோடுகள்: எழுத்தின் உடலுக்கு இரண்டு, புள்ளிக்கும் மேல்விலங்குக்கும் மேலே ஒன்று, இறங்கும் வால்களுக்குக் கீழே ஒன்று. உடலின் உயரத்தில் பாதியாவது மேலேயும், பாதியாவது கீழேயும் காலியாக விட்டால்தான் பலகை மூச்சு விடும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு இது தேவையில்லை, பலகையின் உயரம் முழுவதையும் நிரப்பிவிடலாம். கூடத்தில் காட்டிய மாதிரிகள் அப்படி நிரப்பியவை. அதைப் பார்த்துத் தமிழில் பெரிதாக எழுதியவர்களின் மேல்விலங்கெல்லாம் பலகையின் விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றன.

அதைவிடப் பெரிய சிக்கல் வரிசை முறையில் இருக்கிறது. இங்கே முதலில் எழுதி, எழுத்து காய்ந்த பின், பலகை முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து, எழுத்தும் நாள்பட்டு மங்கியது போலத் தோன்றச் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தின் ஓரம் கொஞ்சம் உதிர்ந்தாலும் படிப்பதற்குத் தடையில்லை. தமிழில் புள்ளி உதிர்ந்தால் சொல்லே மாறிவிடும். எனக்கு அடுத்த மேசையில் ஒரு கணவனும் மனைவியும் 'வேலன் இல்லம்' என்று மிக அழகாக எழுதியிருந்தார்கள். வளைவுகள் ஒரே சீராக, தடுமாற்றமே இல்லாத எழுத்து. சொன்னபடி தேய்த்தார்கள். முதலில் போனது 'ம்'-மின் புள்ளி. அடுத்து 'ல்'-லின் புள்ளி. சிறிய வட்டமாக, மெல்லிய பூச்சாக இருப்பதால் புள்ளிக்குத்தான் உப்புத்தாளின் முதல் அடி விழுகிறது. பலகையைத் தூக்கிப் பார்த்தபோது 'வேலன் இலலம' என்று நின்றது. அந்த அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்து எனக்கும் மனம் கேட்கவில்லை. பயிற்சியாளர் உடனே வந்து, மெல்லிய தூரிகையால் புள்ளிகளைத் திரும்ப வைத்துக் கொடுத்தார்; ஆனால் மங்கிய எழுத்துகளுக்கு நடுவே அந்தப் புள்ளிகள் மட்டும் புதுக்கருக்கோடு தனியாகத் தெரிந்தன.

என் பலகையில் நான் வரிசையை மாற்றிக்கொண்டேன். பின்னணி வண்ணத்தைப் பூசிக் காயவிட்டு, மங்கச் செய்யும் தேய்ப்பு வேலை முழுவதையும் முதலில் முடித்தேன். பிறகு ஈரத்துணியால் தூசியைத் துடைத்தெடுத்து, காய்ந்த பின் எழுதினேன். கடைசியில் 220-ஆம் எண் தாளின் தேய்ந்துபோன ஒரு துண்டால் தடித்த கோடுகளின் நடுப்பகுதியை மட்டும் இரண்டு மூன்று முறை தொட்டேன். புள்ளி, மேல்விலங்கு, சுழி ஆகியவற்றின் பக்கமே போகவில்லை. பழமைத் தோற்றத்துக்கு எந்தக் குறைவும் இல்லை, எழுத்தும் தெளிவாக இருக்கிறது. தமிழில் எழுதும் எல்லோரும் இந்த வரிசையைப் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். பயிற்சியாளரிடமும் சொன்னேன். அவர் என் பலகையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இத நான் யோசிக்கவே இல்ல அண்ணாச்சி. புள்ளிய மட்டும் கொஞ்சம் கனமா வைக்கச் சொல்லிப் பாக்கலாம்னு இருந்தேன். இதுதான் சரி" என்றார். கேட்டுக்கொள்ளும் மனம் உள்ளவர்; அடுத்த மாதங்களில் மாறியிருக்கும் என்று நம்புகிறேன்.

மைனியின் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு 'முத்தாரம்மன் துணை' என்று எழுத ஆசை; அதிலும் அவர் பிறந்த வீட்டு முகப்பில் சிமென்டில் புடைத்து நிற்கும் அதே எழுத்தில். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன், 'ணை' என்பதைத் தனிக் கொம்பு போடாமல், எழுத்தின் முன்னால் துதிக்கை போல வளைந்த கோட்டோடு சேர்த்து எழுதினோம். பாளையங்கோட்டையின் பழைய தெருக்களிலும், சுற்றியுள்ள கிராமங்களிலும் 'முருகன் துணை', 'அம்மன் துணை' என்று முகப்பில் எழுதிய வீடுகளில் அந்த வடிவத்தை இன்றும் பார்க்கலாம். கூடத்தில் இருந்த மடிக்கணினியின் எழுத்துருக்களில் அது இல்லை. மைனி தன் கைப்பேசியில் இருந்த வீட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பென்சிலால் பலகையிலேயே வரைந்து, அழித்து, மீண்டும் வரைந்து, பிறகு தூரிகையை எடுத்தார். வேப்பம் பலகையின் கருஞ்சாம்பல் பின்னணியில் வெண்ணிறத்தில் அந்தத் 'துணை' எழுந்து நின்றபோது, தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பலர் அதைச் சுற்றி வந்து நின்றார்கள். அன்று அந்தக் கூடத்தில் செய்த பலகைகளில் மிகச் சிறந்தது அதுதான் என்று தயக்கமின்றிச் சொல்வேன். மைனி என்பதற்காகச் சொல்லவில்லை. அச்சுக்கும் எழுத்துருவுக்கும் அப்பால் கண்ணும் கையும் சேர்ந்து செய்த எழுத்து அது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்று. கோயில் கொடை விழாவுக்குத் துணியில் எழுதிக் கட்டியவர்கள், கடை முகப்பிலும் பேருந்துகளிலும் பெயர் எழுதியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஃபிளெக்ஸ் வந்த பின் அவர்களில் பலருக்குத் தூரிகை பிடிக்கும் வேலை குறைந்துவிட்டது. சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துத் தட்டி நேர்க்கோடு போடுவது, கை நடுங்காமல் இருக்க ஒரு குச்சியைக் குறுக்கே பிடித்து அதன் மேல் மணிக்கட்டைத் தாங்குவது, தட்டைத் தூரிகையைத் திருப்பி ஒரே இழுப்பில் தடித்த கோட்டையும் மெல்லிய கோட்டையும் வரவழைப்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. அவர்களில் ஒருவரை உரிய ஊதியம் கொடுத்து இரண்டு மணி நேரம் அழைத்தால், இந்தப் பயிற்சியின் குறை தீர்ந்துவிடும். அதற்காகக் கட்டணத்தில் 200 ரூபாய் கூட்டினாலும் கொடுக்க ஆள் இருக்கிறது.

கூடத்தைப் பற்றி இரண்டு செய்திகள். ஒரே இடத்தில் தேய்ப்பு வேலையும் வார்னிஷ் பூச்சும் நடப்பதால், வேலையில் முந்தியவர்களின் ஈரமான பலகையில் பிந்தியவர்களின் மரத்தூசி வந்து ஒட்டுகிறது. மின்விசிறிகள் அதை இன்னும் பரப்புகின்றன. வார்னிஷுக்கு மட்டும் வெளித் திண்ணையை ஒதுக்கியிருக்கலாம். முகமூடி கொடுக்கிறார்கள், ஆனால் போடுமாறு வற்புறுத்துவதில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் தங்களுடையதை எடுத்துச் செல்லட்டும். மேசைகள் உயரமானவை என்பதால் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எட்டாது. வந்திருந்த சிறுவர்கள் நாற்காலியில் மண்டியிட்டு வேலை செய்தார்கள்.

கடைசிக் கட்டமான பாதுகாப்புப் பூச்சைச் சற்று அவசரமாக முடித்துவிட்டார்கள். முன்பக்கம் ஒரு பூச்சு வார்னிஷ் மட்டுமே அங்கே போட நேரம் இருந்தது. வீட்டின் உள்ளே மாட்டுவதற்கு அது போதும். வெளியே மாட்டுகிறவர்கள் வீட்டுக்கு வந்து, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் வெளிப்புற வார்னிஷாக வாங்கி, முன்பக்கம் இன்னும் இரண்டு பூச்சும், பின்பக்கம் இரண்டு பூச்சும் கட்டாயம் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை, பூசாத பக்கத்தில் ஈரத்தைக் குடித்து வளைந்துவிடும். அதிகம் தண்ணீர் குடிப்பது பலகையின் இரு முனைகள். அறுத்த இடத்தில் மரத்தின் நாளங்கள் திறந்தே இருப்பதால், அங்கே மூன்று முறை பூசினாலும் தகும். தொங்கவிடுவதற்குச் சணல் கயிறு கொடுத்தார்கள். பார்வைக்கு நன்றாக இருந்தது, ஐப்பசி மழையில் நனைந்து நனைந்து கொக்கியில் உரசும் இடத்தில் நைந்துவிட்டது. பலகை விழுவதற்கு முன் கவனித்து, தேங்காய் நார்க் கயிறாக மாற்றிவிட்டேன். நார்க் கயிறு ஈரத்துக்கு எளிதில் மக்காது, பலகையின் பழமைத் தோற்றத்துக்கும் ஒத்துப்போகிறது. கொக்கிகளும் முலாம் பூசியவையாக இருக்கட்டும். இல்லையென்றால் கடுக்காய்ச் சாயம் ஏறிய பலகையில் இரும்பு பட்ட இடமெல்லாம் மழை நாளில் கறுப்புக் கோடு இறங்கும்.

தனியாகவோ குடும்பத்தோடோ போகலாம்; ஒரு பலகைக்கு இருவர் சேர்ந்து வேலை செய்ய அனுமதிக்கிறார்கள், ஒரு கட்டணம்தான், இரண்டாமவரின் சாப்பாட்டுக்கு மட்டும் தனியே 100 ரூபாய். மரவேலை அறியாதவர்களுக்கும் எந்தத் தடையும் இல்லை. போகும் முன் பெயரை முடிவு செய்துகொண்டு, இரண்டடி நீளமும் முக்காலடி அகலமும் உள்ள தாளில் நான்கு கோடு போட்டு, அதே அளவில் எழுதிப் பார்த்து, அந்தத் தாளையே கையோடு கொண்டுபோங்கள். கார்பன் தாள் அங்கேயே கிடைக்கும். நல்ல வேப்பம் பலகை வேண்டுமானால் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். காலை வேலை தொடங்கும்போதே, "எனக்கு எழுத்து தமிழில், தேய்ப்பை முதலில் முடித்துவிடுகிறேன்" என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டால், அதற்கேற்றபடி உங்கள் பலகைக்குப் பின்னணி வண்ணத்தை முன்கூட்டியே பூசிக் காயவைத்துக் கொடுப்பார்.